கதவுப் புத்தகம்

படிக்கிற கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் அந்தக் கடையில் முன்பெல்லாம் ஓர் அட்டையைத்தான் நீட்டுவார்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. பலர் கை பட்டு ஓரம் பிய்ந்துபோன அந்த அட்டையை ஒருநாள் கடைக்காரர் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு நாவலை வைத்தார். ஊரே இதைத்தான் படிக்கிறது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கம் படித்தால் பிறகு கழற்ற மனசு வராது என்பது அவர் கணக்கு. வியாபாரத்தில் அவர் கெட்டிக்காரர்.

நாவலின் அட்டையில் பாதி எரிந்த கதவு ஒன்றின் படம் இருந்தது. அதனால் பெயரை விட்டுவிட்டு எல்லோரும் கதவுப் புத்தகம் என்றே சொன்னார்கள். எழுதியவர் ஓய்வு பெற்ற வக்கீல் என்றும், புனைபெயரில் எழுதுகிறார் என்றும் பேச்சு. கதை இதுதான்: ஒரு மரக்கிடங்கு தீப்பிடித்து எரிகிறது. உள்ளே இருந்த காவல்காரன் இறந்துபோகிறான். தீ வைத்ததாகக் கிடங்கின் மேலாளர் மீது வழக்கு. அவருடைய வக்கீல் வாதாடி அவரை வெளியே கொண்டுவந்துவிடுகிறார். கடைசி அத்தியாயத்தில்தான் விஷயம் உடைகிறது: தீ வைத்தது மேலாளர்தான். வக்கீலுக்கு அது முதல் சந்திப்பிலேயே தெரியும்.

கடையில் பிரேம் பொருத்தும் வேலை பார்த்தவளுக்கு நாவல் படிக்கும் பழக்கம் கிடையாது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கணவர் இறந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவள். சூடான காற்று ஊதும் பெட்டியில் காதுக் கம்பியைக் காட்டி வளைப்பது, மூக்குத் தாங்கியை இடுக்கியால் ஒரு நூல் விலக்குவது, முகத்துக்கு நேராக நின்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் அவள் உலகம். அதை நிதானமாகச் செய்வாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள்.

ஆனால் காது இருக்கிறதே. புத்தகத்தைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு பேசினார்கள். ஒரு மருந்துக்கடைக்காரர், ராத்திரி ஆரம்பித்தேன், விடிந்துவிட்டது, அப்படி ஒரு எழுத்து என்றார். அவர் மனைவி, முதல் நூறு பக்கம் சவசவ என்று இழுக்கிறது, கோர்ட்டு வந்த பிறகுதான் உயிர் வருகிறது என்றாள். ஒரு பள்ளி ஆசிரியை, தப்பு செய்தவன் தப்பித்துவிடுகிற கதையை எப்படி நல்ல கதை என்கிறீர்கள் என்று முகம் தெரியாத இன்னொரு வாடிக்கையாளரிடம் சண்டைக்கே போய்விட்டாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "நிஜத்துல அப்படித்தானே டீச்சர் நடக்குது" என்றான். மேலாளரின் மனைவியைப் பற்றித்தான் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அவள் கோர்ட்டில் ஒருநாளும் அழவில்லை என்று நாவலில் வருகிறது. கல் நெஞ்சக்காரி என்றார் ஒருவர். அவளுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருக்கும் என்றார் இன்னொருவர்.

இதையெல்லாம் பிரேம் பொருத்துகிறவள் யாரோ எவரோ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மரக்கிடங்கு, தீ என்று காதில் விழும்போது தலையை இன்னும் குனிந்துகொள்வாள். ஊரில் தீ விபத்தா குறைச்சல் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

ஒருநாள் பிற்பகல் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாவலை நடுவில் பிரித்து உரக்கப் படித்துப் பார்த்தார். தீர்ப்பு வந்த இடம். நீதிபதி விடுதலை என்று சொன்னதும் மேலாளர் தன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. வக்கீலின் காதருகே குனிந்து, என் கைக்கடிகாரத்தை எப்போது தருவார்கள் என்று கேட்கிறார்.

அவள் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது. அவள் கணவர் கேட்டதும் அதேதான். அவர் மேலாளராக இருந்த நாற்காலிக் கிடங்கு எரிந்த வழக்கில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்கிறோம் என்று நீதிபதி வாசித்து முடித்த அடுத்த நொடியில், போலீஸ் எடுத்து வைத்திருந்த கைக்கடிகாரத்தைப் பற்றி அவர் கேட்டார். பக்கத்தில் இருந்தது அவளும் வக்கீலும் மட்டும்தான். வேறு யாருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை.

பெரியவர், "எழுத்து நல்லாத் தெரியுதும்மா, ஆனா இந்த ஆளைத்தான் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

அன்று மாலை புத்தகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவளும் மகளும் மட்டும் இருக்கிற வீடு. மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அம்மா கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த புத்தகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இதை நீ படிக்க வேண்டாம்மா."

"நீ படிச்சிட்டியா?"

"எப்பவோ படிச்சிட்டேன்."

மூன்று மாதமாக மகள் அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேலை செய்யும் இடத்தில் ஒருத்தி கொடுத்துப் படித்தாளாம். பாதியிலேயே புரிந்துவிட்டதாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாளாம்.

அம்மா இரண்டு நாளில் படித்து முடித்தாள். படிக்கப் படிக்க உடம்பு எரிந்தது. ஊரும் தொழிலும் மாறியிருந்தன. நாற்காலி மரமாகியிருந்தது. மற்றபடி அவர்கள் வீடு, அவர் நடக்கும்போது ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருப்பது, அவள் கோர்ட்டுக்குக் கட்டிப்போன சாம்பல் நிறப் புடவை, எல்லாம் அப்படியே. கடைசி அத்தியாயத்தில் சிறைச்சாலையில் வக்கீல்கள் கைதியைப் பார்க்கும் அறையில் மேலாளர் சொல்கிறார்: முதலாளி சொன்னார், செய்தேன். அந்த ஆள் குடித்துவிட்டு உள்ளே விழுந்து கிடப்பான் என்று எனக்குத் தெரியாது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மகளிடம், இப்படியா ஒரு மனுஷன் பச்சைப் பொய்யை எழுதுவான் என்று கேட்டாள். மகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? சொல்லேன்."

"எனக்குப் பொய்யின்னு தோணலைம்மா."

அவள் மகளையே பார்த்தாள்.

"வெளிய வந்தப்புறம் அப்பா தூங்கவே இல்லையே. மூணு வருஷம். நான் எந்திரிச்சு தண்ணி குடிக்க வர்றப்பல்லாம் நாற்காலியில உக்காந்திருப்பாரு. ஏன் அப்படி இருந்தாருன்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு. இதைப் படிச்சப்பதான் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

அவள் கை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கும். தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். ஒரே குழாயில் ஒருத்தி விலகிய பிறகுதான் இன்னொருத்தி முகம் கழுவுவாள்.

அந்த வாரக் கடைசியில் நூலகத்தில் வாசகர் கூட்டம் என்றும், நாவலை எழுதியவரே வருகிறார் என்றும் கடையில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஞாயிறு பிற்பகல் தனியாகப் போனாள். நூலகத்தின் மேல்மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் இருந்தது கணவரின் வக்கீல்தான். வழுக்கை ஏறி, கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் அடையாளம் மாறவில்லை. அவள் கணவர் இறந்தபோது மாலையோடு வந்து கடைசிவரை நின்ற மனிதர். அவரை அந்த வீட்டில் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார்கள்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் இலக்கணம் பிசகிய இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரை உட்கார வைக்கவே நேரமாகிவிட்டது. ஒரு நர்ஸ், தீக்காயம் பட்டவரைப் பற்றி எழுதியிருப்பது சினிமா மாதிரி இருக்கிறது, பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள் என்றாள். ஒருவர் பாதிதான் படித்தேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு முழு நாவலையும் விமர்சனம் செய்தார். சட்டம் படிக்கும் மாணவி ஒருத்தி, கட்சிக்காரர் அந்தரங்கமாகச் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லலாமா, இந்தக் கதையே தொழில் தர்மத்துக்கு விரோதமாக இருக்கிறதே என்று கேட்டாள். வக்கீல் சிரித்தபடி, கட்சிக்காரர் கற்பனை என்றால் தர்மமும் அந்த அளவுக்குத்தான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் அவள் எழுந்தாள். "அந்த மனைவிக்குத் தெரியுமா, தெரியாதா? புத்தகத்துல அதைச் சொல்லவே இல்லையே" என்று கேட்டாள்.

வக்கீல் அவளைப் பார்த்தார். கையிலிருந்த தண்ணீர்க் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார். அது வாசகர் முடிவுக்கு விட்டது என்று சொன்ன குரல் கீழிறங்கியிருந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, "தெரியாம எப்படிம்மா இருக்கும்? ஒரே வீட்டுல இருந்துகிட்டு" என்று அவளுக்குப் பதில் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படி ஓரத்தில் வக்கீல் அவளைத் தேடி வந்தார். நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவில்லை என்றார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"அவர் உங்ககிட்ட என்ன சொன்னாரு வக்கீல் சார்?"

"அது சொல்லக்கூடாதும்மா. அவர் போயிட்டாலும் சொல்லக்கூடாது."

"நான் செய்யலைன்னு அவர் சொல்லியிருந்தா, அதைச் சொல்றதுல உங்களுக்கு என்ன தடை?"

வக்கீல் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் எழுதினது கதை என்றார். அப்படியானால் கைக்கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவர் படிகளைப் பார்த்தபடி, சில விஷயம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, எழுதினால் போகும் என்று நினைத்தேன் என்று மட்டும் சொன்னார். போனதா என்று அவள் கேட்கவில்லை. யாரோ கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வக்கீலுக்கு வயதாகிவிட்டது, பேர் வாங்க ஆசை வந்துவிட்டது, செத்தவர் வந்து மறுக்கவா போகிறார் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தாள். அவள் கையில் ஒரு பிடி இருந்தது. காவல்காரன் குடிகாரன். குடித்துவிட்டு ஸ்டவ்வைத் தட்டிவிட்டான், அதில்தான் தீப்பிடித்தது என்று கோர்ட்டில் சாட்சி வந்தது. கிடங்குக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் கூண்டில் ஏறிச் சொன்னார். கோர்ட்டுக்கு முன்பே, எரிந்த மறுநாளே, அவள் கேட்காமலே கணவர் வீட்டில் சொன்னார்: அவன் தினமும் போடுவான், நான்தான் வேலையை விட்டுத் தூக்காமல் பாவம் பார்த்தேன். இத்தனை வருஷமும் தங்கள் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியது அந்தக் குடிகாரன்தான் என்று அவள் நம்பினாள். செத்தவனைச் சபிக்கக்கூடாது என்று தெரிந்தும் சபித்திருக்கிறாள்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் கடைக்கு ஒரு கிழவி வந்தாள். வெளுத்த புடவை, நனைந்த குடை. படிக்கிற கண்ணாடி வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாம். இத்தனை நாள் படிக்க ஒன்றும் இல்லாததால் கண்ணாடி தேவைப்படவில்லை. இப்போது ஒரு புத்தகம் படித்தாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்சம் வாசித்துக் காட்டினாள், மிச்சத்தைத் தானே படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், மேசை மேல் இருந்த நாவலைப் பார்த்ததும், இதுதான் என்று விரலை வைத்தாள்.

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். சோதனைப் பிரேமில் ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போட்டுப் பவரைக் குறித்துக்கொண்டு, கிழவியை அவளிடம் அனுப்பினார். தயாராக இருந்த கண்ணாடியில் ஒன்றை எடுத்து அவள் கிழவியின் முகத்தில் பொருத்தினாள். இடது காது சற்று மேலே இருந்தது. கம்பியைச் சூடு காட்டி வளைத்து, மறுபடி மாட்டி, முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள்.

"இப்பத் தெரியுதாம்மா?"

கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்த கண்கள் அவள் முகத்தின் மேலேயே நின்றன. நெற்றி, கன்னத்து மச்சம், வாய் என்று ஒவ்வொன்றாகப் போய் வந்தன.

"தெரியுது. நீ அவன் பொண்டாட்டிதானே? தெனமும் கோர்ட்டுல எதிர் பெஞ்சியில உக்காந்திருப்பே."

அவளுக்கும் அப்போதுதான் பிடிபட்டது. எதிர் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த காவல்காரனின் மனைவி. அன்று கறுத்த கூந்தலும் தடித்த உடம்புமாக இருந்தவள்.

கடைக்காரர் தொலைபேசியில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். கிழவி குரலை உயர்த்தவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தவளிடம், ஒரு முக்காலி இருந்தால் கொடு, கால் வலிக்கிறது என்றாள். உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். தீ வைத்தது யார் என்று அவளுக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லையாம். இப்போது புத்தகத்தில் அது அச்சாகி வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னபோது, இந்த ஜென்மத்தில் இதாவது நடந்ததே என்று அழுதாளாம். ஆனால் வாசிக்கக் கேட்டபோது இன்னொன்றும் காதில் விழுந்தது.

"அந்த வக்கீல் என் புருஷனைக் குடிகாரன்னு எழுதியிருக்கான். கோர்ட்டுலயும் அதைத்தான் சொன்னான். அப்பவும் யாரும் என்னைக் கேக்கலை. அவருக்கு முப்பது வயசுலயே வயித்துல புண்ணு. ரத்தமா வாந்தி எடுத்து, நான் வேலை பாத்த ஆஸ்பத்திரியிலயேதான் வயித்தைக் கிழிச்சு ஆபரேசன் பண்ணாங்க. ஒரு சொட்டு உள்ள போனா ஆள் போயிடுவார்னு டாக்டர் சொன்னாரு. டீ கூட குடிக்கமாட்டாரு. கஞ்சித்தண்ணியைத் தூக்குல ஊத்திக் கொடுத்து அனுப்புவேன். உன் புருஷனுக்கு அது நல்லாத் தெரியும். ஆஸ்பத்திரியில வந்து பாத்தானே."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கணவர் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது ஞாபகம் வந்தது. வேலையாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று சொன்னார். எந்த வேலையாள் என்று அவள் கேட்கவில்லை.

"குடிச்சிட்டுக் கெடக்கிறவன் வெளிய வர முடியாம செத்தான்னா சரி. குடிக்காதவன் ஏன்மா வரலை? கதவுக்கு வெளியில பூட்டு போட்டிருந்துச்சு. அதைப் பேசவே இல்லை யாரும்."

பிறகு கிழவி கண்ணாடியைக் கழற்றாமலே அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "நீ சொல்லு. அவன்தானே செஞ்சான்?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். போலீஸ், சொந்தக்காரர்கள், வாடகை வீட்டின் சொந்தக்காரி, பள்ளிக்கூடத்தில் மகளின் சிநேகிதிகள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்ற சொல் கேள்வி முடிவதற்கு முன்பே அவள் வாயில் வந்துவிடும். இப்போதும் வாயைத் திறந்தாள். வரவில்லை.

"தெரியலைம்மா" என்றாள்.

கிழவி தலையை ஆட்டினாள். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தியா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கண்ணாடி நன்றாக இருக்கிறது, காதில் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது என்றாள். அவள் மறுபடியும் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுத்தாள். கிழவி குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கடைக்காரர் தொலைபேசியை வைத்துவிட்டு, தெரிந்தவர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மகள் அடுப்படியில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கைப்பையைக் கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்று, "அந்த ஆளு குடிக்கமாட்டாராம் பாப்பா" என்றாள். எந்த ஆள் என்று மகள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அம்மாவின் தோளிலிருந்து பையை இறக்கி வைத்து, நாற்காலியில் உட்கார வைத்தாள்.

கிழவி வந்ததை, சொன்னதை எல்லாம் அவள் ஒழுங்கில்லாமல் சொன்னாள். சொல்லும்போது அழுகை வரவில்லை. கோர்ட்டில் வராத மாதிரியே. வெளியே தூறல் வலுத்து ஜன்னல் கம்பியில் தண்ணீர் வழிந்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை.

"அப்பா சொல்லித்தான் நான் அவரைக் குடிகாரன்னு நம்பினேன்" என்றாள் ஒருமுறை. மகள், அப்பா பயந்திருப்பார் என்றாள். உள்ளே ஆள் இருப்பது தெரியாமலே செய்திருக்கலாம் என்றும் சொன்னாள். அதுவும் புத்தகத்தில் வருவதுதானே, குடிகாரன் என்றும் அதே புத்தகத்தில்தானே வருகிறது என்று அவள் கேட்டாள். பொய் என்று ஒருத்தி ஏசிய, நிஜம் என்று ஒருத்தி ஏற்றுக்கொண்ட அந்தப் புத்தகத்தில் எது எவ்வளவு நிஜம் என்று இனி சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

பிறகு அவள் மறுபடி பேசினாள். மகளைப் பார்த்துச் சொல்லவில்லை.

"தூக்கம் வராம உக்காந்திருந்தாரே, அப்பல்லாம் நானும் பக்கத்துல போய் உக்காருவேன். அந்தக் குடிகாரப் பயலை நெனச்சு ஏன் உடம்பைக் கெடுத்துக்கறீங்க, அவன் தலையெழுத்து அவன் போனான்னு சொல்லுவேன். தெனமும் சொல்லுவேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அப்படிச் சொல்லாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அதை விலக்கவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.